திங்கட்கிழமைச் சத்தம்

எங்கள் பங்குக் கோயில் பேண்டு செட்டில் யூபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழல் ஊதியவரை எனக்குக் கட்டிவைத்தார்கள். நான் அதே கோயிலில் பாடற்குழுவோடு வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். கன்னியாஸ்திரிகளின் போர்டிங்கில் படித்தபோது பூசைக்கு வாசிக்க ஆள் போதவில்லை என்று என் கையில் வயலினைத் திணித்தார்கள். விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அதுவே பிடித்துப்போய்விட்டது. கல்யாணமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. வில்லியனூருக்கு மேற்கே, நெல்லும் கரும்புமாக இருக்கும் ஊர் எங்களுடையது. ஆண்களில் பாதிப் பேர் விடியலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூலக்குளம் வழியாகப் பாண்டிப் பஞ்சாலைக்குப் போவார்கள். பேண்டு செட்டில் ஊதுகிறவர்கள் எல்லாருமே மில்லு ஆட்கள்தான், என் தம்பி ஒருவனைத் தவிர. அவன் கிளாரினெட் ஊதுவான், கரும்பு வெட்டுக்குப் போவான், மில்லில் எப்போது ஆள் எடுப்பார்கள் என்று மாமாவை நச்சரிப்பான். மாமா என்றால் என் வீட்டுக்காரர்.

மில்லில் காடிங் என்று ஒரு பகுதி. பஞ்சைச் சிக்கெடுத்துச் சீராக்குகிற இடம். ஒரு பக்கம் மூட்டை பிரித்த பஞ்சு உள்ளே போகும், மறுபக்கம் மெல்லிய திரையாக வெளியே வரும். வராத மிச்சம் காற்றில் நிற்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல், மூக்கு முடி எல்லாம் வெளுத்திருக்கும். எங்கள் பேண்டுகாரர்கள் அத்தனை பேரும் அந்தக் காடிங்கில்தான் இருந்தார்கள். அது தற்செயல் இல்லை. காடிங் மேஸ்திரி எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர். திருவிழாவில் நிமிர்ந்து நின்று ஊதுகிறவனாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போவார். ஊதுகிறவனுடைய நெஞ்சில் தூசு தங்காது, ஊதும்போது எல்லாம் வெளியே போய்விடும் என்பது அவர் கணக்கு. அவர் மட்டுமா, ஊரே அப்படித்தான் நம்பியது. ஷிப்டு முடிந்ததும் வாயில் ஒரு கட்டி வெல்லம், வாரத்துக்கு ஒரு ஊர்வலமோ சாவோ, அவ்வளவுதான் வைத்தியம். காடிங்கில் கொஞ்சம் கூடுதல் சம்பளம் வேறு. அதனால் பேண்டில் சேர்வதற்கே எங்கள் ஊர்ப் பையன்களிடம் அடிதடி நடக்கும். நானும் மற்றவர்களைப் போலத்தான், என் வீட்டுக்காரர் யூபோனியத்தை மடியில் வைத்துத் துடைப்பதைப் பார்த்து, ஆயுசு கெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இறந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவருடைய அடக்கத்துக்குப் பாண்டியிலிருந்து சில வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பெட்டியைப் பார்க்கவில்லை, ஜெபம் சொல்லவில்லை, பேண்டுக்கு அருகிலேயே நடந்துவந்தார். ஒல்லியான ஆள், கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்ட சட்டை, வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கல்லறைத் தோட்ட வாசலில் பேண்டு நின்றதும் என் வீட்டுக்காரருக்கு முன்னால் வந்து நின்றார். யூபோனியத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். பிறகு, கேட்காமல் கொள்ளாமல், என் வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. மாட்டுச் சந்தையில்தான் அப்படித் தொட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் எங்களை நிறுத்திவைத்து விஷயத்தைச் சொன்னார். அன்றைக்கு நெஞ்சைத் தொட்டுப் பார்த்த அந்த வெள்ளைக்காரர், எங்கள் வாயில் முசியே, ஒரு இசைக்குழு தொடங்குகிறார். பாண்டியில் சில வெள்ளைக்காரர்கள் வயலினும், அதைவிடப் பெரிய செல்லோவும் வாசிக்கிறார்கள், ஊதுகிறவர்கள் இல்லை. எங்கள் ஆட்கள் வந்தால் குழு முழுமையாகும்.

"பழைய பாட்டு ஒண்ணும் கிடையாது. செத்துப்போனவங்க எழுதினது வாணாமாம். இப்ப உசுரோட இருக்கிறவங்க எழுதுற இசை மட்டும்தான் வாசிக்கிறதாம்" என்றார் சாமியார்.

"அப்ப நமக்கு வேலையில்ல சாமி. நம்ம பொழப்பே செத்தவங்களோடதான்" என்றார் டிரம்பெட்காரர்.

எல்லாரும் சிரித்தோம். சாமியாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் பள்ளிக்கூடத்துக் கூடத்தின் சாவியைக் கொடுத்தார்.

ஒத்திகை ஞாயிறு மத்தியானமும் திங்கள் சாயந்தரமும் என்று முடிவாயிற்று. தொடங்கியது ஒரு திங்கட்கிழமை, அன்றே தகராறு. பெரிய டிரம்காரர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முசியே கையை ஆட்டி, டிரம் வேண்டாம் என்றார். "டிரம்மு இல்லாம எப்டி காலு வெக்கிறது?" என்று கேட்டார் டிரம்காரர். இந்த இசைக்கு யாரும் நடக்கப்போவதில்லை என்று முசியே சொன்னதை, பாண்டியிலிருந்து செல்லோ வாசிக்க வந்த அம்மா அரைகுறைத் தமிழில் சொன்னார். டிரம்காரர் முகம் சுருங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரரோடு பேசவில்லை.

எங்கள் ஆட்களுக்கு நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரியும். பழைய சாமியார்கள் சொல்லிக்கொடுத்தது. ஆனால் முசியே கொடுத்த தாள்களில் நாங்கள் அறிந்த தாளமே இல்லை. நீளநீளமான கோடுகள், நடுநடுவே வெறும் வெள்ளை. வெள்ளை இருக்கிற இடத்தில் ஒன்றும் வாசிக்கக் கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வயலினில் தந்திகளைத் தாங்குகிற குதிரைக்கு ஒட்டினாற்போல வில்லைப் போட்டுத் தேய்க்கச் சொன்னார். கதவு இடுக்கில் விரல் மாட்டினவன் கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. இரண்டு கிளாரினெட்டையும் ஒரே சுரத்தில் ஒரு மயிரிழை தள்ளித்தள்ளி ஊதச் சொன்னார். அப்படி ஊதினால் இரண்டுக்கும் நடுவில், யாருமே ஊதாத இன்னொரு சத்தம் உறும ஆரம்பிக்கும். என் தம்பி பயந்துபோய் வாயை எடுத்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான். கரும்பு வெட்டிவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் ஜன்னல் ஓரம் நின்றார்கள். அதில் ஒருத்தி, "யாருக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கை காட்டி நடத்துவதற்கு ஆள் கிடையாது. முசியே கூடத்தின் கடைசியில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பின்னே எப்படி எல்லாரும் சேர்ந்து தொடங்குவது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். யூபோனியம்காரர் மூச்சை இழுப்பார். அந்த இழுப்பைக் கேட்டு நாங்கள் வில்லைத் தூக்க வேண்டும். அவர் மூச்சு தீர்கிற வரைக்கும் வாசிக்க வேண்டும். அது தீர்ந்ததும் எல்லாரும் நிறுத்திவிட வேண்டும். பிறகு அவர் மறுபடி இழுக்கிற வரைக்கும் வெள்ளை. அவ்வளவுதான் அந்த இசையின் சட்டம்.

என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் மிதந்தார். பேண்டில் யூபோனியம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற வாத்தியம். மேலே டிரம்பெட் பறக்கும், பக்கத்தில் டிரம் இடிக்கும், இவர் ஊதுவது இவருக்கே கேட்காது.

"இத்தினி வருசமா நான் ஊதுனது எனக்கே கேட்டதில்லடி. இப்பதான் கேக்குது" என்றார், முதல் ஒத்திகை முடிந்து வீட்டுக்கு நடந்துவரும்போது.

எனக்கும் அன்றுதான் கேட்டது. எனக்குக் கேட்டது வேறு.

டிரம் இல்லை, நடை இல்லை, கூட்டத்தின் சத்தம் இல்லை. அவர் மூச்சை இழுக்கும்போது கூடத்தில் வேறு எதுவுமே இல்லை. அந்த இழுப்பின் அடியில் ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒன்று கேட்டது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு அது இல்லை. சுத்தமான இழுப்பு, நீளமான சுரம், நாங்கள் வில் மாற்றி மாற்றி வாசித்தும் தீராத சுரம். மறுநாள் திங்கட்கிழமை, மில்லு முடிந்து நேராக வந்து உட்கார்ந்தார். அந்தக் கிழிசல் திரும்ப வந்துவிட்டது. சுரம் பாதியில் நின்றது. நாங்களும் சட்டப்படி பாதியில் நின்றோம்.

அடுத்தடுத்த வாரங்களும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவு. ஞாயிறு நல்ல மூச்சு, திங்கள் கெட்ட மூச்சு. லீவு விட்டுத் திரும்பிப் போகிற அன்றைக்கு மட்டும் யாரோ நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி. கேட்டால், "திங்கக்கெழம எல்லாருக்கும் அப்டிதான் இருக்கும், லீவுல சொகமா இருந்துட்டுப் போறோம்ல" என்பார். எல்லாருக்கும் என்று அவர் சொன்னதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கவலை எல்லாம் அவர் ஒருத்தர் மேல்தான் இருந்தது. வேண்டாங்க, காடிங்கை விட்டு வேறு பக்கம் கேட்டு மாறிக்கோங்க, ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கலாங்க என்று சோறு போடும்போதும் சொன்னேன், சண்டை போட்டும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"ஊதுறவனுக்கு இன்னாடி நெஞ்சு நோவு வரும்? வெளிய சொல்லாத, சிரிப்பானுங்க."

இந்த வித்தியாசத்தை என்னைத் தவிர இன்னொருவரும் கவனித்துவிட்டார். முசியே ஒரு டேப் ரிக்கார்டர் வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டுக்காரரின் வாய்க்கு அருகில் மைக்கை வைத்தார். அவர் மூச்சை இழுத்தார், கிழிந்தது, நின்றது. முசியே கண்ணைத் திறந்தார். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை ஒரு மனிதர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செல்லோ அம்மாவிடம் படபடவென்று பேசினார். அந்த அம்மா எங்களிடம் சொன்னார்: இனிமேல் ஞாயிறு ஒத்திகை வேண்டாம். திங்கட்கிழமைச் சத்தம்தான் வேண்டும். கச்சேரியையும் திங்கட்கிழமையே வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். எல்லாரும் தாளில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பரிசு வாங்கின பிள்ளை போல.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அழுது அடம்பிடித்து மில்லு ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, டிபி இல்லை, ஒன்றுமே இல்லை, சுத்தமான நெஞ்சு என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாங்கள் போனது வியாழக்கிழமை. வியாழக்கிழமை அவர் மூச்சும் ஒழுங்காகத்தான் இருந்தது. வழியெல்லாம் என் வீட்டுக்காரர் என்னைக் கேலி பண்ணிக்கொண்டே சைக்கிள் மிதித்தார். "பாத்தியா? சர்க்காரு படமே சொல்லிடுச்சி" என்றார். அது சர்க்கார் படம் இல்லை, மில்லுப் படம்.

சாமியாரிடம் போனேன். "கச்சேரி முடியட்டும்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். அவருக்குப் பாண்டியிலிருந்து பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து தன் பங்கு மக்களைப் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

கடைசியில் முசியேவிடமே கேட்டேன். செல்லோ அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு, நாக்குக் குழறாமல் சொன்னேன். நீங்கள் ஆசைப்படுகிற அந்தச் சத்தம் இசை இல்லை, அது நோய். திங்கட்கிழமைதோறும் அந்த மனிதர் மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் பெரிய மனிதர், நீங்கள் சொன்னால் அவர் கேட்பார், நல்ல டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அந்த அம்மா சொல்லி முடித்ததும் முசியேவின் முகம் வெளிறியது. கெட்டவர் இல்லை அவர். பிறகு, கஷ்டப்பட்டு வார்த்தை தேடி, தமிழிலேயே கேட்டார்.

"கச்சேரி வரைக்கும்... முடியுமா?"

நான் கிளம்பி வந்துவிட்டேன். வழியில் கரும்புத் தோட்டத்து ஓரமாக நின்று வாய்விட்டுத் திட்டினேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் தீர்ந்துபோன பிறகு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தேன்.

எங்கள் பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் கச்சேரியில் நடந்தது புரியாது. சாவு ஊர்வலத்தில், வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கியது முதல் கல்லறைத் தோட்ட வாசல் வரைக்கும் ஊத்து நிற்கக் கூடாது. நின்றால் ஆத்துமா வழியில் திகைத்து நின்றுவிடும் என்பார்கள். வெயிலில் நடந்துகொண்டே ஊதுகிறவர்களுக்கு எப்படியும் ஒருத்தருக்கு மூச்சுத் தவறும். அப்போது பக்கத்தில் வருகிறவர் தன்னுடையதை விட்டுவிட்டு அவருடைய சுரத்தை எடுத்துக்கொள்வார். அவருக்கும் முடியாவிட்டால் அடுத்தவர். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, கேட்பதுமில்லை. சாவில் மட்டும்தான் இந்த வழக்கம். திருவிழாவிலோ கல்யாணத்திலோ ஒருத்தர் சுரத்தை இன்னொருத்தர் தொட மாட்டார், தொட்டால் சண்டை வரும்.

கச்சேரி பாண்டியில், கடற்கரைப் பக்கத்து மண்டபம் ஒன்றில். சாயந்தரம், இருட்டுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தார்கள். மில்லிலிருந்து நேராக வந்தவர்கள் அங்கேயே குழாயில் தலையைக் கழுவிக்கொண்டு சட்டையை மாட்டினார்கள். என் வீட்டுக்காரர் காது மடலில் ஒட்டியிருந்த பஞ்சை என் முந்தானையால் துடைத்தேன். கை சில்லிட்டிருந்தது அவருக்கு. "வாணாங்க, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல, வூட்டுக்குப் போயிடலாம்" என்றேன். என் கன்னத்தைத் தட்டிவிட்டு மேடைக்குப் போனார்.

முன்வரிசையில் வெள்ளைக்காரர்களும் பாண்டிப் பெரிய குடும்பத்துக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் என் வீட்டுக்காரர் மூச்சை இழுத்தார். மண்டபம் முழுக்கக் கேட்டது. நாங்கள் தொடங்கினோம். கிளாரினெட்டுகளுக்கு நடுவில் அந்த ஆள் இல்லாத சத்தம் உறுமியது. நின்றது. வெள்ளை. மறுபடி இழுத்தார். ஒவ்வொரு இழுப்பும் முந்தியதைவிடக் குட்டை. ஒவ்வொரு வெள்ளையும் முந்தியதைவிட நீளம். அந்த வெள்ளையில் யாரும் இருமவில்லை, நாற்காலி நகர்த்தவில்லை. வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இழுங்க, இழுங்க, ஒரு தரம் இழுங்க.

கடைசிப் பக்கத்தில் யூபோனியத்துக்கு மட்டும் ஒரு நீளமான சுரம். அவர் இழுத்தார். வந்தது கொஞ்சம்தான். ஊதினார். சுரம் எழுந்தது, நடுங்கியது, அறுந்தது.

அறுந்த இடத்தில் கிளாரினெட் அதை எடுத்துக்கொண்டது. என் தம்பி. தாளில் அவனுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. அவன் ஊதிக்கொண்டே மாமாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். அவன் முடிக்கும்போது டிரம்பெட் எடுத்தது. டிரம்பெட்டிடமிருந்து இன்னொரு கிளாரினெட், திரும்ப என் தம்பி. சுரம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது எவ்வளவோ அழகாக இருந்திருக்கும். எனக்குத் தெரியும் அது என்ன என்று. எங்கள் ஊர் மனிதர்கள், தங்களை அறியாமலே, உயிரோடு உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்தேன். வயலினை நாற்காலியில் வைத்துவிட்டு, மேடையின் குறுக்கே நடந்துபோய், அவர் கையிலிருந்து யூபோனியத்தைப் பிடுங்கினேன். அவர் உதடு நீலமாக இருந்தது. பிடுங்கினதும் மற்றவர்களின் ஊத்தும் நின்றது. பிறகு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எல்லாம் இசையில் எழுதியிருந்தது என்று நினைத்துவிட்டார்கள். முசியே சுவரில் சாய்ந்தபடி அழுதுகொண்டிருந்தார்.

கைதட்டிய கூட்டத்தில் ஒரே ஒருவர் தட்டவில்லை. நரைத்த தலை, கதர்ச் சேலை. மேடைக்குப் பின்னால், பெஞ்சில் சாய்ந்து கிடந்த என் வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டு அந்த அம்மா வந்தார். அவர் டாக்டர் என்று எனக்குத் தெரியாது.

"நடுவுல நடுவுல ஒரு சத்தம் கேட்டுதேம்மா, அது எந்த வாத்தியம்?" என்றார்.

"வாத்தியம் இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு மூச்சு."

"எங்க வேலை?"

"மில்லுல. காடிங்."

அவர் தலையாட்டிக்கொண்டார். "லீவு முடிஞ்சு போற அன்னிக்கு மட்டும் அதிகமா இருக்குமா?"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இத்தனை மாதம் யாருக்கும் புரியவைக்க முடியாத ஒன்றை, அந்த அம்மா ஒரே கேள்வியில் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பஞ்சுத் தூசு என்றார். படத்தில் தெரியாது என்றார். இப்போது திங்கட்கிழமை மட்டும் வருகிறது, அங்கேயே இருந்தால் போகப்போகச் செவ்வாயும் சேர்ந்துகொள்ளும், பிறகு எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும் என்றார். ஊதினால் தூசு வெளியே போய்விடாதா என்று என் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து கேட்டார். ஊதுவதற்கு முன்னால் இழுக்க வேண்டும் இல்லையா என்றார் அந்த அம்மா.

வேனில் ஊருக்குத் திரும்பினோம். எல்லாரும் களைத்துச் சாய்ந்திருந்தார்கள். மூலக்குளம் தாண்டியதும் கடைகளின் சத்தம் ஓய்ந்து, எங்கோ ரயில்வே கேட்டில் வண்டி நின்று, டிரைவர் எஞ்சினை அணைத்தார். அப்போது கேட்டது. முன் சீட்டில், பின் சீட்டில், என் தோளுக்குப் பக்கத்தில், டிரம்பெட்காரரிடம், இன்னொரு கிளாரினெட்காரரிடம், எல்லாரிடமும் அதே ஈரத் துணி கிழிந்துகொண்டிருந்தது. என் தம்பி ஒருவன் மூச்சு மட்டும் சுத்தமாக இருந்தது.

அந்த டாக்டரம்மா விடவில்லை. மில்லில் யாரையோ பார்த்து, எதையோ எழுதிக்கொடுத்து, என் வீட்டுக்காரரைக் காடிங்கிலிருந்து எடுத்து மில்லு கேட்டில் இரவுக் காவலுக்கு உட்காரவைத்தார்கள். மற்றவர்களையும் வந்து பார்க்கச் சொல்லி அவர் ஆள் அனுப்பினார். ஒருவரும் போகவில்லை. போனால் கூடுதல் சம்பளம் போய்விடும், அதைவிட, பேண்டில் நெஞ்சு போனவன் என்ற பெயர் வந்துவிடும். நான் வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். டிரம்பெட்காரர் பெண்சாதி என் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தினாள். முசியே குழுவைக் கூட்டிக்கொண்டு வேறு ஊர்களுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் ஆட்களை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் தம்பி ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, மில்லுல எடுத்துட்டாங்க. மாமா எடத்துல, காடிங்குல. கச்சேரியில மாமா சொரத்த நான் புடிச்சி நின்னேன்ல, அத மேஸ்திரிகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க. இந்தப் பையனுக்கு நெஞ்சு இரும்புடான்னாராம்."

டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். வேனில் நான் கேட்டதைச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். கரும்பு வெட்டியே காலத்தை ஓட்டச் சொல்கிறாயா என்று கேட்டான். மாமாவுக்கு வயசாகிவிட்டது, தனக்கு என்ன என்றான். என் வீட்டுக்காரர் தட்டில் வைத்திருந்த ஜிலேபியை எடுத்துக் கடித்தார். மேடையில் அறுந்த மூச்சு அவருக்கு முழுசாகத் திரும்பவே இல்லை, ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க இப்போது இரண்டு தரம் நிறுத்த வேண்டியிருந்தது.

"போடா... நல்லா ஊதிக்கினே இரு. ஊதுறவனுக்கு... ஒண்ணும் ஆவாது."

தட்டைப் பிடுங்கி வாசலில் வீசினேன். இரண்டு பேரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். என் தம்பி குனிந்து ஜிலேபியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பத் தட்டில் வைத்தான்.

திங்கட்கிழமை விடியலில் அவன் என் வீட்டுக்காரரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு மில்லுக்குப் போனான். சாயந்தரம் வேலை ஓடாமல் வாசலிலேயே நின்றிருந்தேன். புருவமெல்லாம் வெளுத்து வந்து சேர்ந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் ஏதோ சொன்னான், தண்ணீர் கேட்டான் என்று நினைக்கிறேன். அவன் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.